ஒத்தாள் கொட்டாய்

மஞ்சப்பள்ளம் அணையின் தண்ணீர் வையாபுரியின் கொட்டாய்க்குப் படுக்க வரத் தொடங்கியது ஆடிக்காற்று அடங்கிய பிறகுதான் என்றாலும், அதற்கு வழி வைத்தது அவன் பெண்டாட்டி பாவாயி எடுத்த அளவு என்பதால், செங்கரட்டில் இந்தச் சங்கதியைச் சொல்கிறவர்கள் எல்லோரும் கயிற்றிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள்.

செங்கரட்டு ஆண்கள் சாயங்காலம் பரிசலில் போய் வலை விட்டுவிட்டு, கரையிலேயே படுத்துக் கிடந்து, நடுவில் ஒருதரம் எழுந்து வலையைப் பார்த்து, விடிந்ததும் மீனோடு வீடு திரும்புகிறவர்கள். ஒரு கூடாரக் கொட்டாயில் இரண்டு பேர் படுத்தால், அவன் முழித்திருப்பான் என்று இவனும், இவன் முழித்திருப்பான் என்று அவனும் தூங்கிப்போய், வலையை நீர்நாய் பிய்த்துப் போட்டுவிடும் என்பதால், அண்ணன் தம்பியானாலும் அப்பன் மகனானாலும் ஆளுக்கு ஒரு கொட்டாய்தான். ஒருவன் இருமினால் அடுத்தவனுக்குக் கேட்க வேண்டும், பேசினால் கேட்கக் கூடாது, அந்தத் தூரத்தில் கரை நெடுக நிற்கும். அதற்கு ஒத்தாள் கொட்டாய் என்று பெயர். அதை எடுப்பது பெண்டாட்டியின் வேலை. ஆம்பளையைக் கடைக்கு அனுப்பினால் நெஞ்சை நிமிர்த்தி நீட்டிப் படுத்துக் காட்டி, இல்லாத உயரத்துக்கு ஒன்றை எடுத்துவருவான், அல்லது எனக்கென்ன எங்கேயும் முடங்குவேன் என்று வீறாப்புப் பேசி, கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற ஒன்றை எடுத்துவருவான். முழித்திருக்கிற ஆம்பளையின் அளவு பொய், தூங்குகிற ஆம்பளையின் அளவுதான் மெய், அது தெரிந்தவள் பெண்டாட்டி ஒருத்தி என்பது அந்தக் கரையின் வழக்கம். அதனால் அவள் அவன் தூங்கும்போது நூல்கயிற்றைப் பிடித்து, நீளத்துக்கு ஒரு முடிச்சு, அகலத்துக்கு ஒரு முடிச்சு போட்டு, அந்தக் கயிற்றை மடியில் சொருகிக்கொண்டு சந்தைக்குப் போவாள்.

வையாபுரியின் பழைய கொட்டாய் உரச்சாக்கில் தைத்தது. ஆடிக்காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய் வேலிக்காத்தான் முள்மேல் விரித்துக் காயப்போட்டது. மறுநாள் மதியம் பாவாயி கயிற்றை எடுத்தாள்.

பாவாயி கவலைப்படுகிறவள். உலை வைத்தால் கொதிக்காதோ என்றும், கொதித்தால் பொங்கிவிடுமோ என்றும் கவலைப்படுவாள். மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்து, அங்கே அவள் நன்றாக இருக்கிறாள் என்று தெரிந்த பிறகு, இப்படி நன்றாக இருக்கிறவர்களுக்கு இனிமேல் என்ன வருமோ என்று கவலைப்பட்டாள். அப்படிப்பட்டவள் எவ்வளவு பார்த்துப் பார்த்து அளந்திருப்பாள் என்று சொல்ல வேண்டியதில்லை. ராத்திரியெல்லாம் கரையில் கிடக்கிறவர்களுக்கு மதியம்தான் வீட்டுத் தூக்கம். வையாபுரி பாயில் மல்லாந்து தூங்குவான், வேலை முடித்த பாவாயி பக்கத்தில் தலையைச் சாய்ப்பாள், அவன் வலது கை தானாக நீண்டு அவள்மேல் விழும். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அவன் அதை நினைத்துச் செய்வதில்லை, மூச்சு விடுவதைப் போல, அவளும் அதை ஒரு விஷயமாக எண்ணியதில்லை. அன்றைக்கு அவனை எழுப்பாமல் அந்தக் கைக்கு அடியிலிருந்து மெல்ல நழுவி வெளியே வந்தபோது, கை அப்படியே நீட்டினபடி, அவள் இருந்த இடத்தை அணைத்தபடி கிடந்தது. தூங்குகிற ஆளை உள்ளபடி அளக்க வேண்டும் என்பது வழக்கம். அவள் இடது தோளிலிருந்து வலது கையின் விரல் நுனி வரைக்கும் கயிற்றைப் பிடித்து உள்ளபடியே முடிச்சுப் போட்டாள்.

சந்தைக்கு ஓரகத்தி நல்லம்மாளும் கூட வந்தாள். நல்லம்மாளுக்கு வாங்க ஒன்றும் இல்லை, பாவாயி சாமான் வாங்குவதைப் பார்ப்பதில் ஒரு ருசி. ஜமால் பாய் கடையில் மூங்கில் வரிச்சை வளைத்துத் தார்ப்பாய் போர்த்திய பழைய தினுசும், வளைகிற குச்சிகளை நுழைத்தால் குடை மாதிரி எழுந்து நிற்கிற நைலான் தினுசும் தொங்கின.

"தங்கச்சி, இதை எடுத்துக்க. பீடி பத்தவெக்கற நேரத்துல நின்னுரும்," என்றார் ஜமால் பாய்.

"சீக்கிரம் நிக்கறது சீக்கிரம் விழுந்துருமே பாய்."

"விழாது. மூலைக்கு மூலை முளையடிச்சுக் கட்டலாம்."

"எங்க கரை பாறை. முளை இறங்குமா?"

"இறங்காட்டிக் கல்லு வெச்சுக் கட்டு."

"கல்லு துணியை அறுக்காதா?"

ஜமால் பாய் நல்லம்மாளைப் பார்த்தார். "இவங்க வீட்டுக்காரரு எப்படிம்மா தூங்கறாரு?"

"அவரு நல்லாத் தூங்குவாரு பாய். அவருக்கும் சேத்து எங்கக்கா முழிச்சுக்கும்."

பாவாயி காதில் போட்டுக்கொள்ளவில்லை. உயரமாக இருந்தால் காற்று பிடிக்கும், தணிவாக இருந்தால் விட்ட மூச்சு மேலே ஒட்டிப் பனியாக முகத்தில் சொட்டும். தார்ப்பாய் மழை தாங்கும், ஆனால் நனைந்தால் பரிசலில் ஏற்றிக் கொண்டுபோக முடியாத கனம். வாசல் தலைமாட்டில் இருந்தால் மிதவை தெரியாது, பக்கவாட்டில் இருந்தால் சாரல் அடிக்கும். அடித்துணி மெல்லிசாக இருந்தால் கல் உறுத்தும். இதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தடவியும் முகர்ந்தும் பார்த்து, பக்கவாட்டில் வாசலும் அதற்கு மேல் ஒரு சின்னத் தாழ்வாரமும் வைத்த நீல நைலான் ஒன்றை எடுத்துத் தனியே வைத்தாள்.

"நீலம் வேண்டாம் பாய். தண்ணியும் நீலம், இதுவும் நீலம். வித்தியாசம் தெரியாம எவனாச்சும் பரிசலை மேல ஏத்திட்டா?"

"பரிசலு தரையில ஏறுமாக்கா?" என்றாள் நல்லம்மாள்.

கடைசியில் கயிற்றை வைத்துப் பார்த்தபோது நீளம் சரியாக இருந்தது, அகலம் போதவில்லை. ஜமால் பாய் கயிற்றை வாங்கித் தாமே பிடித்துப் பார்த்தார். "இது ஒத்தாள் அகலம் இல்லம்மா. தப்பா அளந்துட்ட."

"தூங்கறப்ப அளந்தது பாய். முடிச்சு போட்டது போட்டதுதான்."

முடிச்சை அவிழ்க்கச் சொன்னால் புருஷனை அவிழ்க்கச் சொன்ன மாதிரி பெண்கள் சண்டைக்கு வருவார்கள் என்று அனுபவத்தில் தெரிந்த ஜமால் பாய் அதற்குமேல் பேசாமல், கிழிந்து கிடந்த ஆரஞ்சுக் கொட்டாய் ஒன்றிலிருந்து நெடுக ஒரு துண்டு வெட்டி நீலத்தில் ஒட்டுப் போட்டு, முடிச்சுக்குச் சரியாக அகலப்படுத்திக் கொடுத்தார். தண்ணீருக்கும் இதற்கும் இனிமேல் வித்தியாசம் தெரியும் என்று பாவாயி ஒரு கவலை குறைந்து வீட்டுக்கு வந்தாள்.

கரையில் அதை நிறுத்தினபோது, வழக்கப்படி பெண்டாட்டி முதலில் உள்ளே படுத்துப் பார்த்து, அடியில் கல் உறுத்துகிறதா என்று சொல்ல வேண்டும். பாவாயி படுத்து, புரண்டு, இரண்டு கல்லை எடுத்து வெளியே போட்டாள். கரையில் இருந்த ஆண்கள் ஆரஞ்சு ஒட்டைச் சுற்றிவந்து பார்த்தார்கள்.

"ஏ வையாபுரி, மாமியாருக்கும் சேத்து எடுத்துட்டயா?" என்றார் மீனவர் சங்கத் தலைவர் பெரியதம்பி.

"அளவு அவ எடுத்தது. நான் தூங்கிட்டிருந்தேன்," என்றான் வையாபுரி.

தண்ணீர் வந்தது என்று சொன்னால் அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. முன்னிருட்டில், அணையின் ஓரத்திலிருந்து ஓர் ஆள் அளவு தண்ணீர் பிரிந்து, எழுந்து, கற்களை நனைக்காமல் மேடேறி வந்து, கரை நெடுக இருந்த கொட்டாய்களைத் தாண்டி, ஆரஞ்சு ஒட்டுப் போட்ட கொட்டாயின் வாசலில் குனிந்து, வீட்டுக்குள் போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிடுகிற மாதிரி தன்னுள் இருந்த மீன்களைத் தாழ்வாரத்தின் கீழே உதறிவிட்டு, உள்ளே போய், வையாபுரியின் கைக்கு அடியில் இருந்த இடத்தில் படுத்துக்கொண்டது. வையாபுரிக்குப் பாதித் தூக்கம். பாவாயி தலைக்குக் குளித்துவிட்டு ஈரம் உலராமல் வந்து படுத்திருக்கிறாள் என்று நினைத்தானோ, ஒன்றுமே நினைக்கவில்லையோ, கை அதன்மேல் விழுந்தது. வெளுக்கும்போது அது எழுந்து மீன்களை மாட்டிக்கொண்டு திரும்பிப் போனது. அவசரத்தில் மாட்ட மறந்தவை வாசலிலே கிடந்தன. அவன் அவற்றைக் கூடையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, "அணைத்தண்ணி வந்து படுத்துட்டுப் போச்சு," என்றான். "கொட்டாய் ஈரமாயிருச்சா?" என்று பாவாயி கேட்டாள். இல்லை என்றதும் அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

சங்கத்தின் மீன் எடைக் கொட்டகையில் அன்றைக்குப் பேச்சு நீண்டது. அணை கட்டின நாளிலிருந்து ஓடவும் விடாமல் உட்காரவும் விடாமல் நிறுத்தி வைத்திருக்கிற தண்ணீர், அதற்கும் கால் கடுத்திருக்கும், இடம் கண்ட இடத்தில் படுத்திருக்கிறது என்று பெரியதம்பி சொன்னதோடு, ஏன் வந்தது என்கிற கேள்வி முடிந்துவிட்டது. அதற்கு அடுத்த கேள்விதான் முடியவில்லை.

"வலையில விழுந்தாத்தான் மீனு. வாசல்ல கிடந்தா அது யாரு பாடு?"

"மறந்து விட்டுட்டுப் போன சாமானப்பா. வந்து கேட்டா எடுத்துக் குடுக்கணும்."

"உன் மாமனாரு மறந்துட்டுப் போன குடையை நீ எடுத்துக் குடுத்தயா?"

"அது குடை. இது கட்லா."

கடைசியில், மறந்து விட்டவற்றில் பெரிய மீன் ஒன்றைத் தண்ணீருக்கே திரும்பப் போட்டுவிட்டு மற்றதை வழக்கம்போல எடைபோட்டுக்கொள்வது என்று முடிவானது. மதகைப் பார்த்துக்கொள்கிற லஸ்கர் எட்டியப்பனை அழைத்து, தண்ணீர் இப்படி வெளியே வந்து படுப்பது துரைமார்களுக்குத் தெரிந்தால் தொந்தரவு உண்டா என்று கேட்டார்கள். எட்டியப்பன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "காலையில நான் அளவு பாக்கறப்ப முழுசா உள்ள இருக்கணும். ராத்திரி அது எங்க படுத்தா டிபார்ட்மெண்டுக்கு என்ன?" என்றான்.

பிறகு ஊர் அதற்குத் தகுந்தபடி தன்னை மாற்றிக்கொண்டது. கரையில் படுக்கிறவர்கள் துண்டில் வாயைப் பொத்தி இருமப் பழகினார்கள். விடியலில் துணி துவைக்கிற பெண்கள், தண்ணீர் எழுந்து போகட்டும் என்று அழுக்கு மூட்டையோடு மேட்டில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். முதல் பஸ்காரன் கரை வளைவில் ஹாரன் அடிப்பதை நிறுத்தினான். தூங்கி எழுந்த தண்ணீர் வேறு தண்ணீராக இருந்தது. பாசி விட்டுப்போய்த் தெளிந்தது, மீன் கொழுத்தது, காற்றடித்த நாளிலும் பரிசலைக் கவிழ்க்கவில்லை, தண்ணீருக்குக் கோபம் குறைந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். மற்றப் பெண்டாட்டிகள் ஜமால் பாயிடம் போய்த் தங்கள் கொட்டாய்களுக்கும் ஆரஞ்சுத் துண்டு ஒட்டுப் போட்டு வந்தார்கள். அணையில் எத்தனை ஆள் அளவு தண்ணீர் இல்லை, ஆளுக்கு ஒன்று வரட்டுமே என்று பார்த்தார்கள். வரவில்லை. ஒட்டுப் போட்ட இடங்களில் நாய் வந்து படுத்தது, ஒன்றில் ஆடு குட்டி போட்டது, இன்னொன்றில் பெண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டு வந்த ஒரு மைத்துனன் படுத்தான். நாயும் ஆடும் எழுந்து போயின. மைத்துனன் போகவில்லை.

பாவாயி வீட்டுக்கு மரியாதை கூடிப்போனது. குடிதண்ணீர்க் குழாயில் அவள் குடத்தை முன்னால் வைக்கச் சொன்னார்கள். நல்லம்மாள்கூடக் கொஞ்ச நாள் குத்திப் பேசாமல் இருந்தாள். ஆனால் பாவாயிக்கு இதில் ஒரு நஷ்டம் இருந்தது, அது எடைக் கொட்டகையில் கொண்டுபோய்ச் சொல்லக்கூடிய நஷ்டம் இல்லை.

வையாபுரியின் கை மதியத்தில் நீளுவது நின்றுவிட்டது. வேலை முடிந்த கருவியை எடுத்து வைத்த மாதிரி, இரண்டு கையையும் நெஞ்சின்மேல் மடக்கி வைத்துக்கொண்டு தூங்கினான். பாவாயி தலையைச் சாய்த்துக் காத்துக் கிடந்தாள். தானே அந்தக் கையை எடுத்துத் தன்மேல் போட்டுப் பார்த்தாள், அது சில்லென்று இருந்தது, விரல்நுனியெல்லாம் ஊறிப்போய்ச் சுருக்கம் விழுந்து, கிணற்றடிக் கல்லின் வாசனை அடித்தது, கொஞ்ச நேரத்தில் வழுக்கிக்கொண்டு மறுபடியும் அவன் நெஞ்சுக்கே போனது. முதலில் வாயுவோ என்று கவலைப்பட்டு நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்தாள். பிறகு வாயு இல்லை என்று தெரிந்து அதற்காகக் கவலைப்பட்டாள்.

"ஏங்க, அதுகிட்ட என்ன பேசுவீங்க?" என்று ஒருநாள் சோறு போடும்போது கேட்டாள்.

"எதுகிட்ட?"

"அதுதான், படுக்க வருதே."

"அது தூங்கிருது. நான் என்னத்தைப் பேசறது?"

"நான் தூங்கினாக்கூட நீங்க பேசுவீங்களே. வலை அறுந்தது, கெண்டை சிக்கினதுன்னு."

வையாபுரி சோற்றைப் பிசைந்தபடி யோசித்தான். அவன் பொய் சொல்லாதவன், அது அவளுக்கு எப்போதும் ஒரு தொந்தரவு. "பேசணும்னு தோணலை புள்ள," என்றான். "கூட ஒண்ணு படுத்திருக்குது, அதுக்கு ஒரு கவலையும் இல்லை. அப்படி ஒண்ணு பக்கத்துல இருந்தா நல்லாத் தூக்கம் வருது."

பாவாயி குழம்பு ஊற்றினாள். சட்டியில் குழம்பு தீர்ந்த பிறகும் கரண்டியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

அமாவாசை அன்று செங்கரட்டில் யாரும் வலை விடமாட்டார்கள். அன்றைக்கு ஆண்கள் வீட்டில் படுப்பார்கள், கரை காலியாகக் கிடக்கும். அந்த மாதத்து அமாவாசை சாயங்காலம் வையாபுரி துண்டை உதறித் தோளில் போட்டான்.

"எங்கீங்க கிளம்பிட்டீங்க?"

"கரைக்கு."

"இன்னைக்கு அமாவாசை."

"தெரியும் புள்ள. வலை விடலை. அது வந்து நின்னுட்டிருக்கும், பாவம்."

"நானுந்தான் நின்னுட்டிருக்கேன்," என்றாள் பாவாயி. நடையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றுதான் இருந்தாள். வையாபுரி அவள் விளக்குப் பிடித்தது தனக்கு வழி காட்ட என்று எண்ணி, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான்.

மறுநாள் மதியம் அவன் தூங்கும்போது அவள் மறுபடியும் கயிற்றை எடுத்தாள். கை மடக்கி மல்லாந்து கிடந்தவனை ஒரு தோளிலிருந்து மறு தோள் வரைக்கும் பிடித்துப் பார்த்தபோது, அது அச்சாக ஒத்தாள் அகலம். ஜமால் பாய் சொன்ன அகலம், ஊரில் எல்லாப் பெண்டாட்டிகளும் எடுக்கிற அகலம். பழைய முடிச்சுக்கும் புது முடிச்சுக்கும் நடுவே கிடந்த கயிற்றை அவள் விரலில் சுற்றிப் பார்த்தாள். அவ்வளவுதான் அவள் இடம். இத்தனை வருஷம் அவள் அவ்வளவு இடத்தில்தான் படுத்திருக்கிறாள்.

சந்தைக்கு இந்தத் தடவை தனியாகப் போனாள். ஒட்டுப் போடாத கொட்டாய் ஒன்றை, ஒரு குறையும் சொல்லாமல், காற்றைப் பற்றியும் பனியைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்காமல், கயிற்றை வைத்து அளந்து எடுத்துக்கொண்டாள். ஜமால் பாய்க்கு அது நல்லதாகப் படவில்லை. "உடம்பு கிடம்பு சரியில்லையா தங்கச்சி?" என்று கேட்டார்.

அவள் பஸ்ஸை விட்டு இறங்குமுன் செய்தி இறங்கிவிட்டது. எடைக் கொட்டகை வாசலில் பெரியதம்பி வழி மறித்தார். பின்னால் பத்துப் பேர் நின்றார்கள், நல்லம்மாளும் நின்றாள்.

"ஏம்மா பாவாயி, நெருக்கமாக் கொட்டாய் எடுத்துட்டு வந்துட்டயாமே."

"அளவு மாறிருச்சுங்க. மாத்தி எடுத்தேன்."

"அதுல தண்ணிக்கு இடம் இருக்காதேம்மா. அது தூங்கினாத்தான் ஊரு திங்குது."

"எல்லாரும் ஒட்டுப் போட்டு வெச்சிருக்கீங்களே. உங்ககிட்டப் படுக்கட்டும்."

பெரியதம்பி தலையைச் சொறிந்தார். "நானும் ரெண்டு ராத்திரி கையை நீட்டிப் போட்டுப் படுத்துப் பாத்தேன். எறும்புதான் வந்துச்சு."

"கையைத் தூங்கறப்பப் போடணும், முழிச்சிட்டுப் போட்டா வருமா?" என்றாள் பாவாயி, அவளுக்கே அது அப்போதுதான் தெரிந்தது. அதற்குமேல் அவளால் அங்கே நிற்க முடியவில்லை.

"அவ எடுத்தா எடுத்ததுதான்," என்றார் பெரியதம்பி மற்றவர்களிடம். "கொட்டாய் பொண்டாட்டி பாடு. அதுல சங்கம் தலையிட முடியாது." நல்லம்மாள் மட்டும் பின்னால் ஓடிவந்து, "யக்கா, நாளைக்குக் குழாயில உன் குடத்தை யாரும் முன்னால வெக்கமாட்டாங்க பாத்துக்க," என்றாள். அதில் குத்தல் இல்லை, நிஜமாகவே சொன்னாள்.

பொழுது சாயும்போது பாவாயி கொட்டாய்ச் சுருட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கரைக்குப் போனாள். வையாபுரி வலை விடப் பரிசலில் போயிருந்தான். ஆரஞ்சு ஒட்டுப் போட்ட கொட்டாய் வாசல் திறந்து கிடந்தது. அதைப் பிரித்து மடக்கிவிட்டுப் புதியதை அங்கே நிறுத்துவதுதான் அவள் நினைத்து வந்தது. கல்லில் கட்டியிருந்ததை அவிழ்க்கக் குனிந்தவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். அடித்துணி ஒரு பக்கத்தில் வையாபுரியின் முதுகுக்குத் தகுந்தபடி பள்ளம் விழுந்திருந்தது, மறுபக்கத்தில் இன்னொரு பள்ளம், வழவழவென்று, ஆற்றுக் கூழாங்கல்லைப் போல மூலை முடுக்கு இல்லாமல். ஈரம் துளிகூட இல்லை. பாவாயி உள்ளே போய் அந்தப் பள்ளத்தில் படுத்தாள். படுத்துப் பார்த்துவிட்டு எழுந்துவிடலாம் என்றுதான் படுத்தாள், கல் உறுத்துகிறதா என்று பார்க்கிற மாதிரி. உறுத்தவில்லை. எழுந்திருக்கவும் இல்லை.

வையாபுரி துடுப்பை வைத்துவிட்டு வந்து குனிந்தான். "நீ எங்க இங்க?"

"படுத்திருக்கேன்."

"எந்திரி புள்ள. பொம்பளை கரையில படுத்தா நாலு பேரு சிரிப்பாங்க. இது ஒத்தாள் கொட்டாய்."

"ஒத்தாளா? கயிறு பிடிச்சவ நானு. என்னையும் சேத்துத்தான் அளந்திருக்கேன், எனக்கே தெரியாம அளந்திருக்கேன். இது என் இடமுங்க."

அவன் வாசலிலேயே உட்கார்ந்தான். கூட்டிக் கழித்துப் பார்க்கிற மாதிரி அவளையும் அந்த ஒட்டையும் மாறி மாறிப் பார்த்தான். தன் கையைத் திருப்பி ஊறின விரல்களைப் பார்த்தான். பிறகு உள்ளே வந்து தன் பள்ளத்தில் படுத்தான். கை நெஞ்சின்மேலேயே இருந்தது.

இருட்டினதும் தண்ணீர் வந்தது. கற்களை நனைக்காமல் மேடேறி, வாசலில் குனிந்து, மீன்களை உதறியது. பாவாயி அதை அப்போதுதான் முதல் தடவை பார்த்தாள். உயரம் அவள் புருஷன் உயரம்தான் இருந்தது, உள்ளே நட்சத்திரம் ஒன்றிரண்டு தெரிந்தது, தாமதமாக உதறின ஒரு சின்ன ஜிலேபிக்கெண்டை அதன் வயிற்றருகே இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே இடம் இல்லை என்று கண்டு அது நிமிர்ந்தது. திரும்பிப் போகவில்லை, கோபப்படவில்லை, கேட்கவும் இல்லை. நின்றது. நிற்பது அதற்குப் பழக்கம்தானே.

"நிக்குது பாவாயி," என்றான் வையாபுரி.

"நிக்கட்டும்."

கரை நெடுக ஒருவரும் இருமவில்லை. அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தார்கள் என்று அவளுக்குத் தெரியும். கெட்டியாகக் கண்ணை மூடினாள். ஆனால் வாசலில் ஒருத்தர் வந்து நிற்கும்போது படுத்திருக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. எவ்வளவு நேரம் நிற்கும், விடிய விடிய நிற்குமோ, நாளைக்குப் பகலெல்லாம் அந்தக் கால் கடுப்போடு அணையில் போய் நிற்க வேண்டுமே, கோபம் வந்து பரிசலைக் கவிழ்க்குமோ, கவிழ்த்தால் யாருடைய பரிசல், ஒட்டுக் கொட்டாயில் தங்கிவிட்ட அந்த மைத்துனனுக்கு நீந்தத் தெரியாதே, இந்தக் கெண்டை வேறு உதிராமல் உள்ளேயே சுற்றுகிறதே, அது அதற்குக் கூச்சமாக இருக்காதா என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. ஒருவேளை அது நிற்காமல் திரும்பிப் போயிருந்தால் அவள் ஜெயித்திருப்பாள்.

"சே," என்று சொல்லிக்கொண்டு எழுந்தாள்.

வெளியே போட்டிருந்த சுருட்டைப் பிரித்தாள். குச்சியை நுழைத்து, கல்லை உருட்டி வைத்துக் கட்டி, ஒட்டுப் போட்ட கொட்டாய்க்குப் பக்கத்திலேயே, இருமினால் மட்டும் இல்லை பேசினாலும் கேட்கிற தூரத்தில், கரையின் வழக்கத்துக்கு மாறாக அதை நிறுத்தினாள். தண்ணீர் ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அவள் உள்ளே போய் வழக்கப்படி படுத்து, புரண்டு, ஒரு கல்லை எடுத்து வெளியே வீசினாள். வெளியே வந்து, தண்ணீரின் வயிற்றருகே கையை விட்டு அந்தக் கெண்டையை வழித்தெடுத்துத் தாழ்வாரத்தில் போட்டாள்.

"போய்ப் படு," என்றாள்.

தண்ணீர் குனிந்து உள்ளே போனது. எதில் ஊற்றினாலும் அந்த வடிவம் ஆகிவிடுகிற சாதி அது, கைமடக்கிப் படுத்த வையாபுரியின் அளவில் கச்சிதமாக அடங்கிக்கொண்டது. பாவாயி வாசல் துணியை இழுத்துவிட்டு வந்து, தன் இடத்தில் படுத்தாள். வையாபுரி தூங்கியிருந்தான். வெகுநேரம் கழித்து அவன் கை நீண்டு வந்து, அவள்மேல் வைப்பதா வேண்டாமா என்று தெரியாததுபோல அந்தரத்தில் நின்று, விழுந்தது. சில்லென்று இருந்தது. அவள் இரண்டு கையாலும் அதைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டே கிடந்தாள், சூடு ஏறவில்லை, ஆனால் நழுவிப் போகவும் இல்லை.

பக்கத்துக் கொட்டாயில் தண்ணீர் புரண்டது. புது இடம். மறுபடியும் புரண்டது, துணியில் சளக்கென்று ஒரு சத்தம். ஒரு கல்லை எடுத்தோமே, அதற்கு அடியில் இன்னொன்று இருந்திருக்குமோ என்று பாவாயிக்குத் தோன்றியது. தோன்றின பிறகு அது போகவில்லை. கையை விடாமல் தலையை மட்டும் தூக்கினாள்.

"கல்லு கில்லு உறுத்துதா?" என்று இருட்டைப் பார்த்துக் கேட்டாள்.

காதைத் தீட்டிக் கேட்டாள். தண்ணீர் தூங்கிப்போயிருந்தது. அதற்குப் பிறகுதான் அவளுக்குக் கண் அயர்ந்தது.